சாலை அவர்களுடையது, குழாய் எங்களுடையது

புதிதாக நகராட்சி மன்றத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வாசலில் ‘இணைப்பின் நாயகி’ என்று என் படம் போட்டு ஒரு பேனர் வைத்திருந்தீர்கள். அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். படியேறும்போது உங்களில் ஒருவர் இன்னொருவரிடம், “ஊராட்சிங்கள சேத்ததே தப்புப்பா. நம்ம வார்டு வரிய நம்ம வார்டுலயே போட்டா போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நல்ல வார்த்தை பேசலாம் என்று வந்தவள்தான். அந்த இடத்திலேயே அது போய்விட்டது.

நான் கோபத்தோடுதான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாதவர்கள் வெளியே போய் டீ குடியுங்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் மிஷினில் வேலை பார்த்தவர். ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர், அடுத்து தஞ்சாவூர், அடுத்து வேலூர், கடைசி வீடு கோயம்புத்தூர். யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தாலும் எல்லாரும் பிடிப்போம். அதற்குப் பிறகு சொந்தமாக மனை வாங்கலாம் என்று திருநின்றவூர் வரை அலைந்து, கடைசியில் நகராட்சி எல்லையை ஒட்டியிருந்த ஒரு ஊராட்சியில் வீடு கட்டிக் குடிபோனோம். அங்கேதான் முதல் முறையாக ‘எல்லை’ என்ற சொல்லை நான் காதால் கேட்டேன். எங்கள் தெருவின் இடது பக்கம் நகராட்சி, வலது பக்கம் ஊராட்சி. நடுவில் இருக்கும் சாலை நகராட்சியுடையது. இடது பக்கம் குப்பை வண்டி வரும். வலது பக்கம் வராது. வலது பக்கத்துக் குப்பையை யாராவது இடது பக்கம் போட்டால் சண்டை வரும்.

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது என்னை நிறுத்தினார்கள். வெளியூர்க்காரி, உள்ளூரில் சொந்தபந்தம் கிடையாது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் துணைத் தலைவர். மனை வியாபாரம் செய்பவர், உள்ளூரில் செல்வாக்குள்ள குடும்பம். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் எனக்கு நாற்காலி போட மாட்டார்கள். என் கணவரைப் பார்த்து, “சார், நீங்க உக்காருங்க” என்பார்கள். மூன்றாம் முறை என் கணவர், “நான் இவங்கள பஸ் ஏத்தி வுட வந்தவன் சார். தலைவர் அவங்கதான்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அதன்பிறகு அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. இங்கே பின்வரிசையில் இரண்டு கணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

பதவிக்கு வந்த இரண்டாவது மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் தெருவில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு பக்கத்து வீட்டில். பிறகு எதிர்ப்பக்கம், நகராட்சி வீடுகளில். அவர்களுக்குக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராது, எங்கள் தெருக்குழாயில்தான் பிடிப்பார்கள். எங்கள் தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகம் வந்தது. ஆய்வுக்கு அனுப்பினோம். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அன்று காலை நான் செய்த முதல் வேலை, மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்குப் போகும் வால்வை மூடச் சொன்னதுதான். ஊரே என் வீட்டு வாசலில் குடத்தோடு வந்து நின்றது. “தண்ணி உடுன்னு ஓட்டு போட்டா, தண்ணிய நிறுத்தற” என்று ஒருவர் குடத்தை என் கேட்டில் மோதினார். துணைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரிப்போர்ட்டு வரட்டும்மா. இப்ப மூடுனா நாமளே தப்ப ஒத்துக்கினாப்புல ஆயிடும்” என்றார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இதே யோசனையை யாராவது காதில் ஓதுவார்கள். தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்து நான் மூடியிருந்தால், ஊர் என்னைத் திட்டும். கெட்ட தண்ணீராக இருந்து நான் திறந்து வைத்திருந்தால், ஊர் சாகும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘யோசிக்கலாம்’ என்று சொல்பவன் உங்களுக்கு ஆலோசகன் இல்லை. அவனை எழுப்பி அனுப்புங்கள்.

அந்தக் கூட்டத்தில் குடத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ரேவதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. வயிற்றில் பிள்ளை, பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கத்தி முடித்த பிறகு, “அக்கா, எப்ப தொறப்பீங்க? துணி ஊற வெச்சிட்டு வந்தேன்” என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள்.

“உனக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றேன்.

“இன்னாக்கா? கொஞ்சம் அசதியா கீது, அவ்ளோதான்.”

என் கணவரை ஆட்டோ பிடிக்கச் சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நான் நகராட்சிக்குப் போனேன்.

அங்கே பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். சாலைக்கு அடியில் அவர்களுடைய பாதாளச் சாக்கடை போகிறது, அதற்கு மேலே குறுக்கே எங்கள் தண்ணீர்க் குழாய் போகிறது, எங்கோ உடைந்து கலக்கிறது என்பதை அவரே ஒத்துக்கொண்டார். “ஆனா மேடம், ரோடு எங்களுது, பைப் உங்களுது. எங்க ரோட்ட நீங்க வெட்டறதுக்கு மன்றத்துல தீர்மானம் வேணும். உங்க பைப்ப நாங்க தொட்டா ஆடிட்ல கேப்பாங்க” என்றார்.

“அதுவரைக்கும் ஒரு லாரி தண்ணியாவது அனுப்புங்க சார்.”

“லாரி எல்லை தாண்ட முடியாது மேடம். இடது பக்கம் வேணா நிறுத்தச் சொல்றேன்.”

இடது பக்கம் நிறுத்தினார்கள். வலது பக்கத்துக்காரர்கள் குடத்தோடு சாலையைத் தாண்டிப் போனபோது லாரிக்காரர் நகராட்சி வீட்டு வரி ரசீதைக் கேட்டார். நான் ஊராட்சிக்குத் திரும்பி வந்து நாமே தோண்டுவோம் என்றேன். துணைத் தலைவர், “அவன் ரோட்ல நாம ஏன் கைய வெக்கணும்? கேஸ் போடுவான். கம்முனு குந்துங்க” என்றார். இப்படி இங்கும் அங்குமாக நான் நடந்துகொண்டிருந்தபோதே ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ரேவதி போய்விட்டாள். பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை.

அவளுடைய மாமியார் என்னைப் பார்த்து அழவில்லை. “நீயாவது மூடுன. அதுக்கு முன்னாடியே குட்ச்சிட்டா” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஒரு ஜேசிபியை வரவழைத்தேன். ஓட்டுநர் சாலையைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். “தலைவரம்மா, இது அவங்க ரோடு. வண்டிய புட்ச்சி வெச்சிகினா என் பொழப்பு போயிடும்.” நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சாலை நடுவில் போட்டு உட்கார்ந்தேன். “என்னைத் தூக்கிட்டுத்தான் உங்க வண்டியத் தொட முடியும். தோண்டுங்க” என்றேன். தோண்டினார்.

குழி இடுப்பளவு ஆனபோது நகராட்சித் தலைவரே வந்துவிட்டார். எனக்கு எதிர்க்கட்சி. பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவரை ஒருமுறைகூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பின்னாலேயே பொறியாளரும் நாலைந்து ஆட்களும் வந்தார்கள்.

“இன்னாம்மா பண்ணிகினு கீற? யார் ரோடு இது?” என்றார்.

“உங்க ரோடு பாய். செத்தது எங்க ஊர்ப் பொண்ணு.”

அவர் குழியின் விளிம்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “லீக்கு எங்க கீது?” என்றார். கையால் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். உடைந்த சாக்கடையில் எங்கள் குழாய் முழுகிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்து பொறியாளரிடம், “தம்பி, இத்த பாத்துட்டு எனக்கு ரூல்ஸ் சொல்லு. சொல்ல முடிஞ்சா சொல்லு” என்றார். மதியத்துக்குள் நகராட்சி ஆட்களே இரண்டு குழாயையும் சரிசெய்தார்கள்.

உங்களை எல்லாச் சாலையையும் தோண்டச் சொல்லவில்லை. தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தேன். கேட்டும் ஒரு உயிர் போன பிறகும் உட்கார்ந்திருந்தால், நான் வகித்தது பதவி இல்லை, வெறும் நாற்காலி.

இதற்காக எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. எல்லை தாண்டி வேலை செய்ததற்காக பாயின் சொந்தக் கட்சிக்காரர்களே அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் பார்த்தார்கள். ரேவதி செத்ததற்கு யாருக்கும் எந்த நோட்டீஸும் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

பிறகு ஒருநாள் பாயின் கடைக்குப் போனேன். அண்டாவும் தவலையும் அடுக்கியிருந்த நடுவில் ஒரு ஸ்டூலைத் தூசி தட்டி உட்காரச் சொன்னார். அவருடைய மகள் ஜெர்மனியில் இருந்தாள், அந்த வருடம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“தங்கச்சி, அங்க ஒரு ஆறு. இந்தாண்ட ஜெர்மனி, அந்தாண்ட பிரான்சு. மாத்தி மாத்தி வெட்டிகினு செத்தவங்க. இப்ப காலைல டிராம் ஏறி அந்த நாட்டுல போயி ரொட்டி வாங்கிகினு வர்றா என் பொண்ணு. ஒருத்தன் நிறுத்திக் கேக்கல. நான் பாஸ்போர்ட்ட கைலியே புட்ச்சிகினு குந்திகினு இருந்தேன், எல்லாம் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க.” ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தினார். “நம்ம ஊர்ல ஒரு கொடம் தண்ணி ரோட்டத் தாண்ட ரசீது கேக்கறான்.”

“என்ன பண்ணலாம் பாய்?”

“சேத்துடலாம். என் நகராட்சி, உன் ஊராட்சி, பக்கத்துல இருக்கற ரெண்டு ஊராட்சி. ஒரே மன்றம். அப்ப ரோடும் பைப்பும் ஒரே ஆளுது. தப்பிக்க முடியாது.”

“உங்க பதவி போயிடும். என்னதும் போயிடும்.”

“போட்டும். இது இன்னா, என் அத்தா வெச்ச கடையா?”

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஏறாத ஆபீஸ் இல்லை. அவர் கட்சியில் அவரைத் துரோகி என்றார்கள். என் கட்சியிலும் எனக்கு அதே பெயர்.

கிராம சபையில் இணைப்புத் தீர்மானத்தை வைத்தேன். பந்தலில் உட்கார இடமில்லை. முதலில் எழுந்தது, ஊராட்சிகளில் மட்டும் இருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். “டவுன்ல சேந்தா எங்க வேலை பூடும். ஏரிக்கரைல மண்ணு வெட்டித்தான் எங்க ஊட்ல ஒலை கொதிக்குது. அதுக்கு இன்னா பதில் சொல்ற?” என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மாற்றாக வேலை தர வேண்டும் என்று மேலே எழுதிக் கேட்டிருந்தோம், யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. அதை அப்படியே மேடையில் சொன்னேன். “பதில் இன்னும் வரல. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்.” கடைசிவரை அந்தப் பதில் வரவில்லை, அவர்களுக்கு வேலையும் போனது. இணைப்பு என்று நீங்கள் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். இதை விட்டுவிட்டுப் பேசினால் நீங்களும் பேனர் வைக்கிற ஆள்தான்.

அடுத்து துணைத் தலைவரின் ஆட்கள் பேசினார்கள். வரி ஏறும் என்றார்கள், அது உண்மை. மனை அனுமதி கஷ்டமாகும் என்று சொல்லவில்லை, அதுதான் அவர்கள் பயம். பின்னாலிருந்து ஒரு குரல், “ஊர பாய்க்கு வித்துட்டா” என்றது. தொடர்ந்து இன்னொரு சொல்லும் வந்தது. அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.

மைக்கைக் கழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிப் போனேன். சொன்ன ஆளின் முன்னால் மைக்கை நீட்டினேன். “இதுல சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லிட்டு, அந்த வார்த்தையத் திரும்பச் சொல்லுங்க. தீர்மானத்துல எழுதிக்கறோம்.” அவர் தரையைப் பார்த்தார். “எங்க குழாயச் சரி பண்ண சாக்கடையில இறங்கினது அவரு. அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் தீர்மானம் தோற்றது. கூட்டத்தை அடக்கிவிட்டதாலேயே கூட்டத்தை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த முறை தோற்றோம். மறுபடி வீடு வீடாகப் போனோம். நான் இடது பக்க வீடுகளுக்கும் பாய் வலது பக்க வீடுகளுக்குமாக மாறிப் போனோம், அது அவருடைய யோசனை. சில வருடம் ஆனது. கடைசியில் அரசாங்கமே எல்லாவற்றையும் சேர்த்துப் புது நகராட்சி அமைத்தது. அறிவிப்பு வந்த அன்று சாயங்காலமே சாலை முழுக்க நன்றி பேனர்கள். வைத்தவர் எங்கள் துணைத் தலைவர். இணைப்புக்கு எதிராக ஊரையே கிளப்பிவிட்டவர், மனை விலை ஏறப் போகிறது என்று தெரிந்ததும் இணைப்பைக் கொண்டுவந்தவர் ஆகிவிட்டார். தேர்தலில் நின்றார், புது மன்றத்துக்கு அவரே தலைவரும் ஆனார்.

பாய்க்கு சீட்டே கிடைக்கவில்லை. அவர் தெருவை நடுவில் வெட்டி இரண்டு வார்டில் போட்டிருந்தார்கள். அவர் கட்சி, “உங்களுக்கு வேற பொறுப்பு தர்றோம்” என்றது. தரவில்லை. நான் கவுன்சிலராக ஜெயித்துப் போனேன். கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். “நீ உள்ள போய்ட்டல்ல, அது போதும். போயி கத்து” என்றார்.

கத்தினேன். புது மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே எங்கள் பகுதிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘சேர்ந்த பகுதி’. பழைய பகுதிக்கு விளக்கு, சேர்ந்த பகுதிக்கு நிதி வந்தபின் விளக்கு. பழைய பகுதிக்குத் தினமும் தண்ணீர், சேர்ந்த பகுதிக்குப் பரிசீலனை. வரியில் மட்டும் வித்தியாசம் கிடையாது. சாலையில் இருந்த எல்லைக்கோட்டை அழித்து எங்கள் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லை எடுக்கவே எனக்கு இரண்டு வருடச் சண்டை. எடுத்தபிறகுதான் தண்ணீர் வந்தது. இன்றைக்குப் படியில் பேசிய தம்பி, உங்கள் வார்டு வரி உங்கள் வார்டுக்கே வேண்டும் என்கிறீர்களே, உங்கள் வார்டுக்கு வரும் தண்ணீர் யாருடைய ஏரியிலிருந்து வருகிறது என்று பொறியாளரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

என் பதவிக்காலம் முடியும் தறுவாயில் பாய் இறந்துபோனார். கடையில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சுவலி. ஜனாஸா ஊர்வலத்துக்கு எங்கள் தெருவின் வலது பக்கமே வந்திருந்தது. ரேவதியின் மாமியாரும் வந்திருந்தார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வைக்கக் கேட்டேன். தலைவர், அதே பழைய துணைத் தலைவர், பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார்.

“அம்மா, அவரு இந்த மன்றத்துல உறுப்பினரா இருந்ததே இல்ல. பழைய நகராட்சிக்குத்தான் தலைவரு, அது இப்ப இல்ல. விதியில எடமில்ல” என்றார்.

“நான் விதியக் கேக்கல. நிக்கிறேன்.”

நின்றேன். என் மைக்கை அணைத்தார்கள். அணைத்தால் என்ன, நான் பேசவா நின்றேன்? தலைவர் மணியடித்தார். என்னைச் சுற்றி எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மன்றமே பாய் உண்டாக்கியது. அந்த நாற்காலி ஒவ்வொன்றும் அவர் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்ததால் வந்தது. இரண்டு பேர் மட்டும், முதல் முறையாக மன்றத்துக்கு வந்தவர்கள், கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்தார்கள். தலைவரைப் பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

மௌன அஞ்சலிக்கு நிற்க வேண்டிய நேரம் நின்றேன். “அடுத்த பொருள்” என்றார்கள். உட்கார்ந்தேன். அடுத்த பொருள் சாக்கடை அடைப்பு எடுக்கும் வண்டி வாங்குவது. ஆள் இறங்காமல் வேலை செய்யும் வண்டிதானா என்று கேட்டேன், பதில் வரும்வரை விடவில்லை. அதன்பிறகு நான் தேர்தலில் நிற்கவில்லை.

பாதி எழுந்த அந்த இரண்டு பேரும் மறுபடி ஜெயித்து இப்போது இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லி உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை. எழவே எழாதவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, உங்கள் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை முழுசாக எழுந்திருங்கள்.